கல்லறைத் தோட்டத்து மேல்மண்

ஊறவைத்து அவித்த வைக்கோலை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்தாள் சுகிர்தம். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டவில்லை. கையை விரித்தபோது உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தது. பதம் சரிதான். வைக்கோல் பதத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. மற்ற விஷயங்களில் ஓடைமேடு முழுக்கக் குறை சொல்லும்.

பிடிவாதக்காரி என்று ஊரில் பெயர். அது இலவசமாகக் கிடைத்த பெயரும் இல்லை. ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு, உப்பளத்து ஓரம் அரசாங்கம் கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளுக்குப் போனபோது, போகமாட்டேன் என்று வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவள். அவளைப் பார்த்து இன்னும் சில வீடுகள் உட்கார்ந்தன. உட்கார்ந்தவர்களை எழுப்பத் தெரியாமல்தான் அரசாங்கம் அவர்கள் கையில் காளான் விதையைக் கொடுத்தது.

ஊருக்குக் கிழக்கே ஓர் ஆலை இருந்தது. நாடு முழுக்க ஓடி ஓய்ந்த கார்களின் பேட்டரிகள் லாரி லாரியாக அங்கே வரும். உடைத்து, ஒரு கரைசலில் ஊறப்போட்டு, உலோகத்தைப் பிரித்தெடுப்பார்கள். கரைசலுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெயர் மட்டும் ரயில் வண்டி நீளத்துக்கு இருந்தது. அது ஓடையில் இறங்கி, கிணற்றில் கலந்து, முற்றங்களில் தங்கிவிட்டது. ஆலையை இழுத்து மூடிய பிறகுதான் அதை விஷம் என்றே ஒப்புக்கொண்டார்கள். குடியிருக்கத் தகாத ஊர் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

பிறகுதான் அந்தக் காளான் வந்தது. பால் காளானின் வம்சம், ஆனால் ஆய்வுக்கூடத்தில் கைவைத்து மாற்றியது. வைக்கோல் பையின் மேல் போடும் மேல்மண்ணில் அந்தக் கரைசல் இருந்தால், உறிஞ்சித் தன் குடைக்கு ஏற்றிக்கொள்ளும். ஏற்றிக்கொண்டால் குடை நீலமாகும். மண் சுத்தம் என்றால் வெள்ளையாகவே நிற்கும். ஓடைமேட்டுக்காரர்கள் தங்கள் முற்றத்தைச் சாண் ஆழத்துக்குச் சுரண்டி, அந்த மண்ணை மேல்மண்ணாகப் போட்டு, முளைக்கிற நீலக் குடைகளைத் துறையின் மூடிய வண்டியில் எரிக்க அனுப்பி, மண்ணைத் திரும்ப முற்றத்தில் பரப்பினார்கள். திரும்பச் சுரண்டினார்கள். போகத்துக்குப் போகம் நீலம் வெளுத்தது. வருஷக்கணக்கில் ஓர் ஊரே இப்படித் தன் மண்ணைத் துவைத்துக்கொண்டிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. பால் காளானுக்குத் தரையில் குழி வெட்டி, மேலே நீலத் தார்ப்பாய் போட்ட குடில்தான் வழக்கம். அதே நீலத் தார்ப்பாயை இதற்கும் கொடுத்துவிட்டார்கள். உள்ளே நின்றால் காளானும் நீலம், சுவரும் நீலம், பார்க்கிறவள் மூக்கும் நீலம். வெளுத்திருக்கிறதா என்று தெரியப் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு வரவேண்டும். அப்படி வருவதற்கு ஊரில் 'வெளிச்சத்துக்கு எடுக்கிறது' என்று பெயர். அன்றைக்கு அக்கம்பக்கத்தார் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

அன்று மண் மீட்புத் துறை அதிகாரி நிகிலா வந்தபோது முகத்தில் நல்ல சேதி இருந்தது. மதுரைப் பெண். இந்தக் காளானை உருவாக்கிய கூடத்தில் படித்தவள், ஊர்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பை கட்டியவள்.

"எல்லாத் தெருவும் வெள்ளைக்கா. இனி ஒரே ஒரு இடம்தான் பாக்கி."

"எந்த இடம்?"

"கல்லறைத் தோட்டம்."

சுகிர்தத்தின் கை வைக்கோலுக்குள்ளேயே நின்றது. அவள் புருஷன் ஞானதாசன் அங்கேதான் கிடக்கிறான். ஆலையில் கரைசல் தொட்டியடியில் வேலை பார்த்தவன். நாற்பது முடியுமுன் வயிறு வீங்கி, கண் மஞ்சளித்துச் செத்தான். ஆலை டாக்டர் 'குடியினால் ஈரல் கெட்டது' என்று முடித்துவிட்டார். தாசன் சனிக்கிழமைக் குடிகாரன்தான். அதனால் எதிர்த்துப் பேச வீட்டாருக்கு வாயில்லை. அவனுக்கு முன்னும் பின்னும் அதே மாதிரிச் செத்த ஆலைக்காரர்கள் எல்லாருக்கும் அதே தீர்ப்பு. கோயிலில் பாட்டு நடத்திய, காப்பிகூடக் குடிக்காத பொன்னையாவுக்கும் அதே தீர்ப்பு. விசாரணை ஆணையத்தில் கேட்டபோது, விஷம் மண்ணில்தான் இருக்கிறது, மனிதர் உடம்புக்குள் போனதற்கு ஒரு சாட்சியும் இல்லை என்று ஆலை வக்கீல் சொன்னார். ஆணையம் அதோடு எழுந்து போய்விட்டது.

"அது மேடுல்லா மேடம். ஓடைத் தண்ணி அங்க ஏறவே ஏறாதே" என்றாள் சுகிர்தம்.

"அதனாலதான் சொல்றேன், வெள்ளையாதான் வரும். ஆனா ஊர் எல்லைக்குள்ள ஒரு இடத்தையும் விடக்கூடாதுன்னு ரூல். அதுவும் வெள்ளை வந்துட்டா நோட்டீஸ் ரத்து. ஊர் உங்களுக்கு."

"நீலம் வந்தா?"

"வராதுக்கா."

"வந்தா?"

நிகிலா தார்ப்பாயைப் பார்த்தாள். "மழைக்கு முன்னால எல்லாரும் உப்பளத்துக்குப் போகணும். இதுதான் கடைசி போகம். இனி நீட்டிக்க மாட்டாங்க."

"சரி. மண்ணு அள்ளுவோம்" என்றாள் சுகிர்தம்.

சொல்வது எளிது. நாத்தனார் தபிதா மம்பட்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். தாசனுக்கு ஒரே தங்கை. அண்ணன் செத்த அன்றைக்குக் கல்லறைக் குழிக்குள் குதிக்கப் போனவள்.

"அண்ணன் நெஞ்சுல மம்பட்டி வைக்கப் போறீயளா மயினி?"

"ஒரு சாண் மேல்மண்ணுதான்டி. அவிச்சு, காளான் எடுத்துட்டு, திரும்ப அவரு மேலயே போட்டுருவேன்."

"என்னத்துக்கு? மலையடிவாரத்துல செம்மண்ணு மலைமலையா கெடக்கு. ரெண்டு மூட்டையக் கொண்டாந்து இதுதான் கல்லறை மண்ணுன்னா, எவ வந்து மோந்து பாக்கப் போறா? வெள்ள வெளேர்னு முளைக்கும். நோட்டீசக் கிழிச்சுக் கையில குடுத்துருவாவ."

சுகிர்தத்துக்கும் அந்த யோசனை வராமலில்லை. முந்தின ராத்திரி முழுக்க அதுதான் அவளோடு படுத்திருந்தது. மம்பட்டி தாசன்மேல் படவேண்டாம், ஊரும் மிஞ்சும். ஆனாலும் அவளால் முடியவில்லை.

"ஊரெல்லாம் சுரண்டியாச்சு. கோழி கெளறுற எடத்தக்கூட விடல. ஒங்கண்ணன் கெடக்க எடத்த மட்டும் ஏமாத்திட்டு விடச் சொல்லுதியா? அவரு என்ன தள்ளி வச்ச ஆளா?"

தபிதா விலகினாள். விலகினாளே தவிர, மண் அள்ள வரவில்லை.

அடுத்த தகராறு நிகிலாவோடு. கல்லறை மண் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்து, எல்லாப் பைக்கும் அதிலிருந்தே போடவேண்டும் என்பது முறை. தெருவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். இங்கே ஒரு பெண்ணும் குவியலில் கூடையைக் கவிழ்க்கவில்லை.

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"கைமண்ணு மேடம்" என்றாள் சுகிர்தம். "அடக்கத்தன்னைக்குச் சொந்தக்காரங்க ஆளுக்கு மூணு பிடி போடுவோம்லா. ஒருத்தருக்குப் போட்ட மண்ண இன்னொருத்தர் மேல போடப்பிடாது. எங்க ஊருல குழி வெட்டுன மண்ணு மிஞ்சினாக்கூட அந்தக் கல்லறை மேலயேதான் குமிப்போம். நான் அவருக்குப் போட்டது அவருக்குத்தான். பொன்னையா வீட்டம்மா போட்டது பொன்னையாவுக்குத்தான்."

"கலந்தாத்தான்க்கா சராசரி கிடைக்கும்."

"செத்தவங்களுக்கு என்ன சராசரி?"

நிகிலா சிரித்துவிட்டாள். எப்படியும் வெள்ளைதானே வரப்போகிறது என்ற தைரியம் அவளுக்கு. "சரி, தனித்தனியாவே போடுங்க. ஒவ்வொரு பையிலயும் பேர் எழுதிருங்க" என்றாள். அவள் ரூலை மீறியது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வீடு தங்கள் ஆள்களின் மண்ணை எடுத்துப் போனார்கள். கேட்க ஆளில்லாத ஒரு கல்லறை உண்டு: வேதம் போதிக்க ஊருக்கு முதன்முதல் வந்த உபதேசியார் வேதமாணிக்கம். ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு ஒரு தலைமுறை முந்தியே கண்மூடியவர். அவர் மண்ணையும் சுகிர்தம் ஏற்றுக்கொண்டாள்.

பெரிய இட்லிப் பானையில் உபதேசியாரை முதலில் அவித்தாள். பானையைக் கழுவி, அதே கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, தாசனை அவித்தாள். இரண்டுக்கும் ஒரே சுண்ணாம்புத் தூள். ஆவியில் மண் வாசனை எழுந்து வந்தது. மூடியை இறக்கிவைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். அழுது முடித்து மண்ணை ஆற வைத்தாள்.

வைக்கோல் பைகளுக்குள் வெள்ளை இழை நன்றாக ஓடிப் பரவியிருந்தது. அதை அப்படியே விட்டால் காலத்துக்கும் பூக்காது. முதல் வருஷமே நிகிலா சொல்லிக் கொடுத்திருந்தாள்: "வைக்கோல் அதுக்குச் சாப்பாடுக்கா. சாப்பாடு இருக்கிற வரைக்கும் சொகமா உள்ளயே பரவிட்டுக் கிடக்கும். மேல சத்தில்லாத மண்ணப் போட்டு மூடினாத்தான், இனி போக்கிடம் இல்லன்னு பூக்க ஆரம்பிக்கும்." அதற்கு சுகிர்தம், "எங்களப் போலன்னு சொல்லுங்க" என்றாள்.

பையின் மேல்பாதியை அரிந்துவிட்டு, மேல்மண் போடக் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, குடிலுக்குள் ஓர் ஆள் குனிந்து இறங்குவது தெரிந்தது. தபிதா. அவளும் அதே வாளியில் கையைக் கழுவினாள்.

"அண்ணனுக்கு நானும் மூணு பிடி போட்டவதான்" என்றாள்.

இருவருமாகப் போட்டார்கள். விரற்கடை கனத்துக்கு, மேடு பள்ளமில்லாமல், அமுக்காமல். அமுக்கினால் காற்று போகாது. அது முடிந்ததும் சுகிர்தம் உபதேசியார் பையைப் பக்கத்தில் நகர்த்திவைத்துக்கொண்டாள்.

பிறகு தண்ணீர் தெளிப்பதும் காத்திருப்பதும்தான். மண்ணின்மேல் குண்டூசித் தலைகள் போல மொட்டுகள் கண்டன. அவை திரண்டு, காம்பு விட்டு, குடை விரித்தன. உள்ளே எல்லாம் ஒரே நீலம். சுகிர்தம் நாளுக்கு நாலு முறை இறங்கிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை.

வெளிச்சத்துக்கு எடுக்கிற அன்று மொத்த ஊரும் கோயில் முன்னால் கூடியது. நோட்டீஸ் கிழிக்கிற நாளாயிற்றே என்று யாரோ பாயசம்கூட வைத்திருந்தார்கள். மரியாதைக்கு உபதேசியாரை முதலில் எடுத்தாள் சுகிர்தம். வெயிலில் பால் போல வெள்ளை. கைதட்டினார்கள். நிகிலாவும் தட்டினாள்.

அடுத்து தாசனை எடுத்து வந்தாள். தார்ப்பாயின் நிழல் தாண்டி வெயில் விழுந்த இடத்துக்கு வந்த பிறகும் நீலம் போகவில்லை.

இன்னும் நாலு எட்டு நடந்து பார்த்தாள். சொட்டு நீலம் போட்டது போல் அப்பட்டமான நீலம். தெருக்களில் முதல் போகத்தில்கூட இந்த நீலத்தை யாரும் கண்டதில்லை.

பொன்னையா பை வந்தது. நீலம். ஆலையில் பெருக்கிய மரியபுஷ்பம், நீலம். ஆலை வருவதற்கு முன்னால் செத்த அவளுடைய அம்மா, வெள்ளை. பைகளை வரிசையாக வைத்து முடித்தபோது யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தபிதா கேட்டாள்.

"மேட்டுக்கு வெசத் தண்ணி ஏறாதுல்லா மேடம்?"

"ஏறல" என்றாள் நிகிலா. அவள் குரலே மாறியிருந்தது. "மேல இருந்து வந்திருந்தா எல்லாமே நீலமா இருக்கணும். இது கீழ இருந்து வந்திருக்கு. ஈரத்தோட மண்ணுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறியிருக்கு. அவங்க... அவங்க உடம்புல இருந்து."

யாரோ ஒரு பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள். பாயசச் சட்டியைத் திறக்க ஆளில்லை.

நிகிலா சுகிர்தத்தைக் கோயில் பின்புறம் கூட்டிப்போனாள். "அக்கா, சொல்றதக் கேளுங்க. நான் இன்னும் மேல எதுவும் அனுப்பல. ரூல்படி மண்ணக் கலந்துதான் வளர்க்கணும். பழைய கல்லறைங்கதான் நிறைய இருக்கு. கலந்தா சராசரியில நீலம் தெரியாமப் போயிரும். மழைக்கு முன்னால இன்னொரு தடவை எடுத்துரலாம். பொய்கூட இல்ல, அதுதான் சட்டம். ஊர் மிஞ்சும்."

"இதக் காட்டினா?"

"ஊர் போயிரும். நீலம் வந்தா காலி பண்ணணும், அவ்வளவுதான். ஆணையம் இத ஏத்துக்கும்னும் என்னால உறுதி சொல்ல முடியாது."

சுகிர்தம் சுவரில் சாய்ந்துகொண்டாள். இந்த ஊருக்காகத்தான் இத்தனை வருஷம் இடுப்பொடிய வைக்கோல் அவித்தது. ஊரை வைத்துக்கொள்ள வழியும் இருக்கிறது, பாவமும் இல்லை. கண்ணை மூடினால் தாசன் நினைவுதான் வந்தது. கடைசி மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இது சாராயம் செஞ்சதில்ல சுகிர்தம், சத்தியமா" என்றான். அவள் நம்பவில்லை. குடிகாரன் சத்தியம் பொழுது விடிஞ்சாப் போச்சு என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள்.

வெளியே வந்து பைகளுக்கு முன்னால் நின்றாள். "கலந்தா ஊரு மிஞ்சும். கலக்காம ஆணையத்துக்குக் கொண்டுபோனா ஊரு போனாலும் போவும். எல்லாரும் சொல்லுங்க" என்றாள்.

சிலர் ஊர் என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது தபிதா எழுந்து வந்தாள்.

"செம்மண்ணு கொண்டாரலாம்னு சொன்னவளே நான்தான். இப்ப நானே சொல்லுதேன், கலக்காதீய. எங்கண்ணன் வாயத் தொறந்து பேசியிருக்கான். திரும்ப மண்ணள்ளிப் போட்டு மூடாதீய."

அதற்குமேல் யாரும் ஊர் என்று சொல்லவில்லை. நிகிலா தன் வண்டியைத் திறந்து, "பை சாயாம வைங்க. நானும் வர்றேன்" என்றாள். அதற்கு அவள் வேலை போகக்கூடும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மறுபடி கூடிய ஆணையத்தில் ஆலை வக்கீல் நிறையப் பேசினார். சுண்ணாம்பில் கலப்படம் இருந்திருக்கலாம், தண்ணீரில் இருந்திருக்கலாம், வைக்கோலில் இருந்திருக்கலாம். சுகிர்தம் இரண்டு பைகளையும் மேஜைமேல் அக்கம்பக்கமாக வைத்தாள்.

"ஒரே வைக்கோலு, ஒரே பானை, ஒரே சுண்ணாம்பு, ஒரே கெணறு. ஆலைக்கு முந்திப் போனவரு வெள்ளையா நிக்காரு. ஆலையில வேலை பாத்தவரு நீலமா நிக்காரு. எம் புருசன் குடிச்சாருதான். காப்பிகூடக் குடிக்காத பொன்னையாவும் நீலமாத்தான் நிக்காரு, அவரு கணக்குல என்னத்தக் குடிச்சாருன்னு எழுதுவீய?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆணையத் தலைவர் அந்த நீலக் குடைகளைக் குனிந்து பார்த்தார். ஆணையத்தின் கண்முன்னால், ஆணையத்தின் ஆட்களே மண் அள்ளி, இன்னொரு போகம் எடுத்துக் காட்ட வேண்டும், அதுவரை ஒருவரையும் ஊரைவிட்டு வெளியேற்றக்கூடாது என்று சொல்லி எழுந்தார். வழக்கு முடியவில்லை. ஆனால் ஊர் இருந்தது.

சுகிர்தம் வீட்டுக்கு வந்ததும் சும்மா இருப்பாளா? தாசன் பையில் மறுபடி மொட்டு விட்டிருந்தது. அவை விரிந்ததும் வெயிலுக்கு எடுத்து வந்தாள். நீலம்தான், ஆனால் வெளுத்த நீலம்.

"ஏட்டி தபிதா, வந்து பாரு! வெளுக்குது! ஒங்கண்ணன் ஒடம்புல இருந்து இது எறங்குது!"

தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பல வருஷம் ஆகிறது. உயிரோடு இருக்கும்போது எந்த டாக்டராலும் எடுக்க முடியாததை இந்தக் காளான் எடுக்கிறது. எத்தனை போகம் ஆனாலும் சரி, ஒரு துளி மிச்சமில்லாமல் எடுத்துவிட்டுத்தான் ஓய்வது என்று முடிவு செய்தாள். அன்றைக்கே கல்லறைக்குப் போய் அடுத்த சாண் மண்ணை அள்ளி வந்து அவித்து ஆறவைத்தாள். புதுப் பையும் அரிந்து தயாராக இருந்தது.

நிகிலா வந்து பார்த்துவிட்டுத் திகைத்து நின்றாள்.

"அக்கா, போடாதீங்க."

"ஏன், பதம் சரியில்லையா?"

"பதம் சரியாதான் இருக்கு. ஒவ்வொரு போகமும் அந்த விஷத்த இழுத்து எடுத்துருது. ஆணையத்து ஆளுங்க வர்றதுக்குள்ள நீங்க சுத்தம் பண்ணி முடிச்சிட்டா, காட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. வெள்ளையா முளைக்கும். அப்ப ஆலை சொன்னதுதான் நிஜம்னு ஆயிரும்."

சுகிர்தம் கையிலிருந்த மண்ணைப் பார்த்தாள். "எப்ப வருவாவ?"

"ஆலைக்காரங்க எதிர்த்து மேல்முறையீடு போட்டுட்டாங்க. ரெண்டு வருஷமும் ஆகலாம், அஞ்சும் ஆகலாம்."

"அது வரைக்கும் எங்கண்ணன் அந்த வெசத்தோடயே கெடக்கணுமா?" என்று தபிதா கேட்டாள்.

சாயங்காலம் சுகிர்தம் அவித்த மண்ணைக் கூடையில் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள். தபிதா கூடவே வந்தாள். ஊரில் ஓர் அங்குலத்தைக்கூட விஷத்தோடு விடாதவள், அந்த ஓர் இடத்தை விடுவதற்காகப் போனாள். கல்லறைத் தலைமாட்டில் மண்டியிட்டு, கூடையைக் கவிழ்க்காமல், பிடி பிடியாக அள்ளிப் போட்டுச் சமன் செய்தாள்.

"கொஞ்ச காலம் பொறுத்துக்கிடுங்க" என்றாள் மண்ணைப் பார்த்து. "சாட்சி சொல்லி முடிங்க. முடிச்ச மறுநா நானே மம்பட்டியோட வாரேன். இனி ஒங்களக் குடிகாரன்னு ஒரு பய சொல்லமாட்டான்."

எழுந்து சேலையில் கையைத் துடைத்தாள். நாலு எட்டு வைத்தவள் திரும்பி நின்றாள்.

"நானும் சொல்லமாட்டேன்" என்றாள்.